சுழியும் சுடரும்

விழா மலர்க் குழுவினர் நம்மிடம் கட்டுரை கேட்டபொழுது, தமிழாசிரியரிடமிருந்து வரக்கூடியது இலக்கியக் கட்டுரையே என எண்ணியிருப்பர். அவ்வெண்ணம் பிழையன்று. ஆயினும், நம் மேசைமேல் ஈராண்டுகளாகக் கிடக்கும் ஓர் உலோகத் துண்டு இம்முறை நம்மை வேறு திசைக்கு இழுத்துவிட்டது. வாசகர் பொறுத்தருள்வாராக.

அத்துண்டைக் கொணர்ந்தவர் நம் பழைய மாணவர் ஒருவர். வெளிநாட்டில் விமான எந்திரங்களைப் பிரித்துப் பழுது நீக்கும் தொழிற்கூடமொன்றிற் பணிபுரிபவர். விடுமுறையில் ஊர் வந்தவர் கல்லூரிக்கும் வந்து, நாம் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்பிலேயே அதனை எடுத்துக் காட்டினார். இரு விரல் சேர்ந்த பருமன். ஒரு முனையில் வளையத்துள் வளையமாகச் சிறு தகடுகள். கழிக்கப்பட்ட உறுப்பை எவரும் மீண்டும் பொருத்திவிடாதிருக்க அதனை அறுத்துவிடுவது அத்தொழிலின் வழக்கமாம். அதனால் அது நெடுக்காகப் பிளக்கப்பட்டு, உள்ளமைப்பெல்லாம் வெளியே தெரிந்தது. "விமானத்தின் நெருப்பு இங்கேதான் பிறக்கிறது" என்றார். முன்வரிசை மாணவன் ஒருவன் அதனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "உள்வளையத் தகடுகள் ஒரு பக்கமும் வெளிவளையத் தகடுகள் மறுபக்கமும் சாய்ந்திருக்கின்றனவே, ஏன்?" என்று கேட்டான். வந்தவர் விளக்கத் தொடங்கினார். இரண்டாம் வாக்கியத்தில் ஆங்கிலத்துக்கு மாறினார். நான்காம் வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். "இதற்கெல்லாம் தமிழிற் சொல் இல்லை, ஐயா, தமிழில் விளக்கவும் வராது" என்றார்.

அவர் கூற்றின் முற்பாதியை நாம் ஒருவாறு ஒப்புக்கொண்டோம். பிற்பாதியை ஒப்ப மனம் இடந்தரவில்லை. அன்று அம்மாணவன் விடை பெறாமலே வீடு சென்றான். நல்ல வினா கேட்டவன் வெறுங்கையோடு போவதை எந்த ஆசிரியரால்தான் பொறுத்திருக்க முடியும்? பௌதிகம் கற்பிக்கும் நண்பரைத் துணைகொண்டு, நாமும் சில நூல்களைப் புரட்டி, அறிந்தவற்றை இங்கே எழுதுகின்றோம். பிழை இருப்பின் அது நம்முடையது, பௌதிக நண்பருடையதன்று.

முதலிற் பெயர். குழாயின் நுனி ஒடுங்கி, உள்ளே வரும் திரவத்தையோ வாயுவையோ விரைவாக வெளியே செலுத்தும் உறுப்பைக் கைவினைஞர் 'நொசில்' என்பர். மண்ணெண்ணெய் அடுப்பில் அது 'நிப்பிள்'. கடையிற் சென்று கேட்பதாயின் இச்சொற்களே உதவும். எண்ணெயைத் துளிதுளியாகத் தூவும் வகைக்குத் தனிப்பெயர் வேண்டி, 'தூவாய்' என்று முதலில் எழுதினோம். எழுதியபின் நோக்க, அது 'நீ தூவமாட்டாய்' என எதிர்மறை முற்றாகவும் நின்று பொருளைக் கெடுத்தது. 'தூவுவாய்' எனத் திருத்தினோம். இதுவும் முன்னிலை எதிர்கால முற்றாகும் சொல்லே. ஆயினும் 'நீ தூவுவாய்' என்பது அவ்வுறுப்புக்கு நாம் கூறும் வாழ்த்தாக இருந்துவிட்டுப் போகட்டும். சாய்ந்த தகடுகளாலான வளையத்தைச் 'சுழற்றி' என்போம். அது வளியிலே உண்டாக்கும் அசைவு 'சுழி'. இச்சொல்லை நாம் ஆக்கவேண்டியதில்லை. ஆற்றிற் குளித்தவரும் கடலில் வலை வீசியவரும் நெடுங்காலமாக அறிந்த சொல் அது.

இனிப் பொருளுக்கு வருவோம். மின்சாரம் ஊர்தோறும் எட்டுமுன், கோயில் திருவிழாக்களில் இரவைப் பகலாக்கிய பெற்றோமக்ஸ் விளக்கைப் பழைய மாணவர் பலர் கண்டிருப்பர். அவ்விளக்கும், 1892 இல் சுவீடன் நாட்டு லின்ட்குவிஸ்ற் என்பவர் ஆக்கிய பிறைமஸ் அடுப்பும் ஒரே நெறியில் இயங்குவன. காற்றடித்து அமுக்கமேற்றிய மண்ணெண்ணெய், சூடேறிய குழாயினூடே செல்லும்போது ஆவியாகின்றது. அவ்வாவி ஊசித்துளை வழியே சீறிப் பாயும்போது அயலிலுள்ள வளியையும் தன்னோடு இழுத்துக் கலந்துகொள்கின்றது. குழாய் நன்கு சூடேறுமுன் அவசரப்பட்டுத் திறந்தவர், மஞ்சட் சுவாலை குபுகுபுவென எழுந்து கூரையைக் கரியாக்குவதைக் கண்டிருப்பர். துளை அடைபட்டால் மெல்லிய ஊசியாற் குத்தித் திறப்பதும் அந்நாளைய வீட்டு வேலைகளுள் ஒன்று. முதலில் ஆவியாக்கு, பின்னர்க் கல என்பதே இங்குள்ள நெறி. சிறு சுடருக்கு இஃது மிக நன்று. பெருநெருப்புக்கு இஃது எளிதில் இசையவில்லை என்பதைத் தாரை எந்திரத்தை ஆக்கியோர் துன்பப்பட்டே அறிந்தனர்.

இங்கிலாந்தின் விமானப்படை அதிகாரி பிராங்க் விற்றில் 1930 இல் தாரை எந்திரத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அவரது முதல் எந்திரம் 1937 ஏப்ரல் 12 ஆம் நாள் றக்பி நகரில் இயங்கியது. அவ்வெந்திரத்தின் அமைப்பைச் சுருங்கக் கூறலாம். முன்னே அமுக்கி, அது வளியை உள்ளிழுத்து நெருக்குகின்றது. நடுவே தகன அறை. அங்கே எண்ணெய் எரிகின்றது. பின்னே டேர்பைன், சுடுவாயு அதனைச் சுழற்ற, அது அமுக்கியைச் சுழற்றுகின்றது. எஞ்சிய வாயு தாரையாகப் பின்னோக்கிப் பாய, விமானம் முன்னோக்கிச் செல்கின்றது. அமுக்கியும் டேர்பைனும் விற்றிலுக்குத் தொல்லை கொடுத்தனவெனினும், ஓயாத தொல்லை கொடுத்தது நடுவிலிருந்த நெருப்பே. அவருடைய குழுவினர் ஆவியாக்கும் குழாய்களைப் பல வடிவங்களிற் செய்து பார்த்தனர். பிறைமஸ் அடுப்பின் நெறிதான். ஆனால் வெப்பமோ பன்மடங்கு. குழாய்கள் வளைந்தன, உட்புறத்தே கரி படிந்து அடைத்தது, ஓரிடம் மிகச் சுட்டு மற்றோரிடம் குளிர்ந்து கிடந்தது. 1940 இல் ஷெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஐசக் லபொக், ஆவியாக்கும் குழாயை விட்டு, எண்ணெயை அமுக்கத்தால் நுண்துளிகளாகத் தூவும் அமைப்பைக் கொண்டுவந்த பின்னரே வழி பிறந்தது. 1941 மே 15 ஆம் நாள் விற்றிலின் எந்திரம் பூட்டிய குளொஸ்ரர் விமானம் கிரான்வெல் என்னுமிடத்தில் வானில் எழுந்தது. ஜேர்மனியில் இதே காலத்தில் முயன்ற ஹான்ஸ் வொன் ஓகைன் இத்தொல்லையை முன்கூட்டியே உணர்ந்து, 1937 இல் தம் முதல் எந்திரத்தை ஐதரசன் வாயுவைக் கொண்டே இயக்கிக் காட்டினார். வாயுவாயின் துளியாக்கும் வேலையும் இல்லை, ஆவியாக்கும் வேலையும் இல்லையன்றோ? அவரது நெறியில் அமைந்த விமானம் 1939 ஆகஸ்ட் 27 இல் திரவ எரிபொருளைக் கொண்டே பறந்தது என்பதையும் கூறவேண்டும்.

நெருப்பு ஏன் இத்துணை அரிதாயிற்று? அமுக்கியிலிருந்து வெளிவரும் வளியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 150 மீற்றர். விரிந்து செல்லும் வழியொன்றால் வேகத்தைத் தணித்த பின்னும், தகன அறையுள் அது 25 மீற்றர் அளவிற் செல்லும். அதாவது மணிக்கு 90 கிலோமீற்றர். மண்ணெண்ணெய் ஆவியும் வளியும் கலந்து அமைதியாக நிற்குமிடத்துச் சுவாலை முன்னேறும் வேகமோ செக்கனுக்கு அரை மீற்றரிலும் குறைவு. கலவை கொந்தளிக்கும்போது இவ்வேகம் சில மடங்கு கூடும், கூடியும் போதாது. கச்சான் காற்றில் முற்றத்தைக் கடந்து விளக்கேந்திச் சென்றவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. மற்றுமோர் இடர்ப்பாடு: ஒரு பங்கு மண்ணெண்ணெய் முற்றும் எரிய ஏறத்தாழ 15 பங்கு திணிவுடைய வளி போதும், எந்திரத்தினூடே செல்வதோ 40 பங்குக்கும் மேல். முழுவதையும் ஒருங்கே கலந்தால் அக்கலவை எரியவே எரியாது. எனவே பழைய அமைப்புக்களில் ஐந்திலொரு பங்களவு வளியை மாத்திரம் அறையின் தலைப்பக்கத்தே விட்டு, மீதியைப் பக்கத் துளைகளால் பின்னர்ச் சேர்ப்பர்.

எண்ணெய் எரிவதில்லை, எண்ணெயின் ஆவியே எரிகின்றது. ஆவி மேற்பரப்பிலிருந்தே எழும். ஆதலால் மேற்பரப்பைப் பெருக்குவதே தூவுவாயின் முதற்கடன். ஒரு கன சென்ரிமீற்றர் எண்ணெயை ஒரே உருண்டையாகக் கொண்டால் அதன் மேற்பரப்பு 5 சதுர சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதனையே ஒரு மில்லிமீற்றரின் இருபதிலொரு பங்கு, அஃதாவது 50 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள துளிகளாக்கின், ஏறக்குறைய ஒன்றரைக் கோடி துளிகள் ஆகும். மொத்த மேற்பரப்பு 1200 சதுர சென்ரிமீற்றர். முன்னையதைப் போல 250 மடங்களவு. துளி முற்றும் ஆவியாகும் நேரமோ விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். விட்டத்தைப் பாதியாக்கின் நேரம் காற்பங்காகும். சுடுவாயுவில் ஒரு மில்லிமீற்றர்த் துளி மறைய ஒரு செக்கன் அளவு செல்லும்; அதற்குள் அது 25 மீற்றர் அடித்துச் செல்லப்பட்டு எந்திரத்துக்கு வெளியே போயிருக்கும். தகன அறையின் நீளமோ பெரும்பாலும் ஒரு முழத்தளவு. 50 மைக்ரோமீற்றர்த் துளி செக்கனின் நானூற்றிலொரு பங்கில், ஆறு சென்ரிமீற்றர் தூரத்துக்குள் ஆவியாகிவிடும். இக்கணக்கை அம்மாணவனைக் கொண்டே கரும்பலகையிற் செய்வித்தோம்.

எண்ணெயைத் துளியாக்குவது எப்படி? சிறு துளையொன்றினூடே நேராக அழுத்தினால் நூல்போன்ற தாரை நெடுந்தூரம் செல்லுமேயன்றி எளிதிற் சிதறாது. இங்கேதான் சுழி புகுகின்றது. மாணவர் வீட்டிற் செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்றுண்டு. போத்தலொன்றில் நீர் நிரப்பித் தலைகீழாகக் கவிழ்த்தால், நீர் 'களக் களக்' என்று விக்கி விக்கி வெளியேறும். மீண்டும் நிரப்பிக் கவிழ்த்தவுடன் போத்தலை நாலைந்து முறை வட்டமாகச் சுழற்றிவிட்டால், விக்கலின்றி நீர் விரைவில் ஒழுகிவிடும். நடுவே ஒரு துவாரம், காற்றுத்தூண்போல, அடியிலிருந்து நுனிவரை நிற்பதையும் காணலாம். நீர் அத்தூணைச் சூழ்ந்து மெல்லிய வளையமாக வாயினின்று இறங்குவதுமன்றி, வெளியே வந்ததும் குடைபோல விரியும்.

தூவுவாயின் உள்ளே நிகழ்வதும் இதுவே. எண்ணெய் சிறு அறையொன்றின் நடுவை நோக்கியன்றி, அதன் விளிம்பைத் தொட்டுச் செல்லும் சாய்வழிகளாற் புகுத்தப்படுகின்றது. அதனால் அது சுழல்கின்றது. நடுவை நெருங்க நெருங்க வேகம் பெருகும். சுழன்றாடுபவர் விரித்த கைகளை உள்ளிழுக்கும்போது விரைந்து சுழல்வதை ஒக்கும். உராய்வை விட்டுவிட்டு நோக்கின், ஆரையையும் சுற்றும் வேகத்தையும் பெருக்கிய தொகை மாறாது நிற்கும். ஐந்து மில்லிமீற்றர் ஆரையிற் செக்கனுக்கு 10 மீற்றராகச் சுழல்வது, ஒரு மில்லிமீற்றர் ஆரையில் 50 மீற்றராகும். வேகம் பெருக அமுக்கம் குறையும். நட்ட நடுவிலே திரவம் நிற்கமுடியாத அளவுக்கு அமுக்கம் தாழ, வெளிவளி புகுந்து தூணாகிவிடும். 1978 கார்த்திகையில் மட்டக்களப்பைச் சின்னாபின்னமாக்கிய சூறாவளியின் நடுவிலும் அமுக்கம் குறைந்தே இருந்தது. பருமன் வேறு, இயல்பு ஒன்று.

தூவுவாயினின்று வெளியேறும் எண்ணெய் இவ்வாறு உள்ளீடற்ற கூம்பாக விரிகின்றது. கூம்பு விரிய விரிய அதன் சுவர் மெலியும். ஒரு மில்லிமீற்றர் ஆரையில் 0.2 மில்லிமீற்றர்த் தடிப்பிருந்த படலம், பத்து மில்லிமீற்றர் ஆரையை எட்டும்போது, வேகம் மாறாதாயின், 0.02 மில்லிமீற்றராகும். அத்துணை மெல்லிய படலம் அலைவுற்று, இழைகளாகக் கிழிந்து, இழைகள் துளிகளாக அறுபடுகின்றன. அழுத்தி உடைக்கவில்லை, சுழற்றி மெலியச்செய்து, தானே உடையவிட்டோம்.

இவ்விடத்தில் ஒரு மாணவி எழுப்பிய ஆட்சேபத்தையும் கூறல் வேண்டும். "போத்தலிற் சுழி நீரை விரைவாக வெளியேற்றியது, அப்படியாயின் தூவுவாயிலும் சுழி எண்ணெயைக் கூடுதலாக வெளியேற்றுமா?" என்றாள். இல்லை, குறைக்கும். போத்தலில் வெளியேறும் நீரும் உட்புகும் காற்றும் ஒரே வாயிற் போட்டியிட்டன. சுழி அவற்றுக்கு வெவ்வேறு வழி வகுத்துக் கொடுத்தது. தூவுவாயில் அப்போட்டி இல்லை. அங்கே காற்றுத்தூண் துளையின் நடுப்பாகத்தை அடைத்துக்கொள்வதால், அதே துளையினூடே செல்லும் எண்ணெய் குறைந்துவிடும். உவமையை அது செல்லுமளவும் கொண்டு, பின் விட்டுவிட வேண்டும். இலக்கிய வகுப்பிலும் நாம் இதனையே கூறுவோம்.

இவ்வகைத் தூவுவாய்க்கு ஒரு பெருங்குறை உண்டு. அதன்வழிச் செல்லும் எண்ணெயின் அளவு அமுக்கத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடும். பாய்ச்சலைப் பத்து மடங்காக்க விரும்பின் அமுக்கத்தை நூறு மடங்காக்க வேண்டும். விமானம் நிலத்தினின்று எழும்போது வேண்டும் எண்ணெய்க்கும், உயரத்தே மெல்லச் செல்லும்போது வேண்டும் எண்ணெய்க்கும் உள்ள வேறுபாடு பெரிது. அதிக அளவுக்கென அமைத்த துளை, குறைந்த அளவின்போது தூவாது, சொட்டும். சிறுதுளையொன்றும் அதனைச் சூழப் பெருந்துளையொன்றுமாக இரட்டைத் தூவுவாய் செய்து சமாளித்தனர். அதனினும் சிறந்த வழி, உடைக்கும் வேலையை எண்ணெயின் அமுக்கத்திடமிருந்து எடுத்து, அறைக்குள் எப்படியும் விரைந்து வந்துகொண்டிருக்கும் வளியிடமே ஒப்படைப்பது. எண்ணெயை மெதுவாக ஒரு வளைய விளிம்பின்மேற் படலமாகப் பரப்பி, உள்ளேயும் வெளியேயும் சுழலும் இரு வளித்தாரைகளுக்கிடையே அதனை விடுவர். இம்முறையை ஆராய்ந்து வளர்த்தவருள் முதன்மையானவர், றோல்ஸ்றொய்ஸ் நிறுவனத்திலும் பின்னர்க் கிரான்பீல்ட், பேர்டியூ ஆகிய கல்விநிலையங்களிலும் பணியாற்றிய ஆதர் லெபீவர். நம் மேசைமேற் கிடப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

வளி துளியை உடைப்பதற்கும் ஒரு கணக்குண்டு. துளியைச் சிதறாமற் பிடித்து வைப்பது மேற்பரப்பு இழுவிசை. சிதறடிக்க முயல்வது வளியின் மோதல். மோதலுக்கும் பிடிப்புக்கும் உள்ள விகிதத்தை, ஜேர்மானியப் பேராசிரியர் ஒருவர் பெயரால் வேபர் எண் என்பர். அது ஏறத்தாழ 12 ஐக் கடக்குமிடத்துத் துளி நிலைக்காது. சாதாரண அடர்த்தியுள்ள வளி செக்கனுக்கு 100 மீற்றராக மோதுமாயின், மண்ணெண்ணெய்த் துளி 25 மைக்ரோமீற்றருக்கு மேல் இருக்க இயலாது என்பது கணக்கின் முடிவு. அமுக்கியினின்று வரும் வளியின் அடர்த்தி பன்மடங்காதலால் இவ்வெல்லை இன்னும் தாழும். ஆனால் ஒன்று: துளியும் வளியோடு சேர்ந்து ஓடத்தொடங்கினால் மோதல் குறைந்துவிடும். உடைப்பது வளியின் வேகமன்று. இரண்டின் வேகங்களுக்குமிடையே உள்ள வேற்றுமை.

மாணவன் கேட்ட வினாவுக்கு விடை இங்கே தென்படுகின்றது. உள்வளித்தாரை வலஞ்சுழியாகவும் வெளிவளித்தாரை இடஞ்சுழியாகவும் வந்து, எண்ணெய்ப் படலத்தின் இரு முகங்களையும் எதிரெதிராக இழுக்கின்றன. இரு உள்ளங்கைகளுக்கிடையே ஒரு பொருளை வைத்துத் தேய்ப்பது போன்றது அது. படலம் கிழிவதுமன்றி, கிழிந்த துளிகள் எத்தாரையோடும் ஒத்தோட இயலாது அலைந்து வளியோடு நன்கு கலக்கின்றன. இரு வளையமும் ஒரே பக்கம் சாய்ந்த தூவுவாய்களும் உள்ளன. அவற்றிற் சுழி வலிது, தேய்ப்புக் குறைவு. எதனைத் தெரிவது என்பது ஆக்குவோன் எதனை விரும்புகின்றான் என்பதைப் பொறுத்தது.

ஆயினும் இது பாதி விடையே. சுழியின் பெருங்கடமை இனித்தான் வருகின்றது. 90 கிலோமீற்றர்க் காற்றிலே சுடரை அணையாது காப்பது எது? பாலத்தின் தூணுக்குப் பின்னே, ஆற்றுநீர் எத்துணை விரைந்தோடினும், சருகொன்று அங்கேயே சுற்றிச் சுற்றி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். தகன அறையில் அத்தகைய தூணை, தூணின்றியே உண்டாக்குவது சுழி. சுழன்றுவரும் வளி அறையுட் புகுந்ததும் புறத்தே விரிகின்றது. நடுவில் அமுக்கம் தாழ்கின்றது. சற்றுத் தூரம் சென்றபின் சுழி தளர, அங்கே நடுவமுக்கம் மீண்டும் உயர்ந்திருக்கும். வாயு உயர் அமுக்கத்தினின்று தாழ் அமுக்கத்தை நோக்கியே செல்லும். ஆகவே நடுவழியே வாயு முன்னோக்கிச் செல்லாது, தூவுவாயை நோக்கித் திரும்பி வருகின்றது. இதனை 'மீள்சுழி' எனலாம். திரும்பி வருவது வெறும் வாயுவன்று. எரிந்து கொதிக்கும் வாயு. அது புதிதாக வரும் துளிகளை ஆவியாக்கி அவற்றுக்கு நெருப்பும் மூட்டுகின்றது. எந்திரம் புறப்படும்போது ஒருமுறை மின்பொறியாற் கொளுத்தினால் போதும். அதன்பின் நெருப்பே நெருப்பைக் கொளுத்திக்கொண்டிருக்கும்.

எவ்வளவு சுழி வேண்டும்? சுழலும் உந்தத்தின் பாய்வை, முன்னோக்கும் உந்தத்தின் பாய்வும் வாயின் ஆரையும் பெருக்கிய தொகையால் வகுத்துவருவதைச் சுழியெண் என்போம். இதனைக் கொண்டு சுழற்சுடர்களை விரிவாக ஆராய்ந்த பீயர், சிகியர் என்னும் இருவரின் நூல் 1972 இல் வெளிவந்தது. சுழியெண் ஏறக்குறைய 0.6 ஐக் கடக்கும்போது வலிய மீள்சுழி தோன்றும். வெளிவிட்டத்தின் பாதியளவு குடமுள்ள தட்டைத் தகட்டுச் சுழற்றியாயின், தகடு 30 பாகை சாய்ந்தபோது சுழியெண் 0.45, 45 பாகையில் 0.78, 60 பாகையில் 1.35. ஆகவே 38 பாகையளவில் எல்லையைத் தாண்டுகின்றோம். மாணவர் பாகைமானி கொண்டு நம் துண்டை அளந்து, வெளிவளையத் தகடுகள் 45 பாகைக்குச் சற்று மேற்பட்டன என்றனர். கணக்குப் புத்தகத்துப் பாகைமானி விமானத்தின் நெருப்பை அளந்த அந்நாளில் வகுப்பிற் பாடவேளை முடிந்த மணி எவர் காதிலும் விழவில்லை.

சுழி கூடினால் நன்மையும் கூடுமென எண்ணற்க. மிகுந்த சுழி, சுடரைத் தூவுவாயின் முகத்தோடு ஒட்டவைத்து அதனையே எரித்துவிடும். துளிகள் புறத்தே வீசப்பட்டு அறைச்சுவரை நனைக்க, அங்கே கரி படியும். வளியை இத்துணை முறுக்குவதற்கு அமுக்கத்திலும் இழப்பு உண்டு. அவ்விழப்பை ஈடுசெய்வது எண்ணெயே. சுழி குறைந்தாலோ சுடர் அணையும். ஒரு தொல்லையை நீக்க மற்றொன்று தலைதூக்குவதே இத்தொழிலின் இயல்பு.

அண்மைக் காலத்தில் மூன்றாவதொரு தொல்லையும் சேர்ந்தது. வளியில் ஐந்தில் நாலு பங்களவு நைதரசன். வெப்பநிலை ஏறக்குறைய 1500 பாகை செல்சியசைக் கடந்து ஏற ஏற, நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நச்சு ஒட்சைட்டுக்களாவது மிக விரைவாகப் பெருகும். இதன் முறையை விளக்கியவர் ரஷ்ய அறிஞர் ஸெல்டோவிச். நல்ல மீள்சுழியும் நிறைந்த எண்ணெயும் உள்ள சுடரிலே இவ்வெப்பம் எளிதில் எட்டும். அதனைத் தவிர்க்க, வளியின் பெரும்பகுதியைத் தலைப்பக்கத்துச் சுழற்றிகளின் ஊடாகவே செலுத்தி, எண்ணெயை எரியுமுன்னரே அதில் ஐதாகக் கலந்துவிடும் முறை வந்தது. நடுவே அணையாத சிறு சுடர், அதனைச் சூழ ஐதான கலவையின் பெருஞ்சுடர், இரண்டுக்கும் தனித்தனிச் சுழற்றிகள் என்னும் அமைப்புள்ள எந்திரம் 2011 இல் விமானப் போக்குவரத்துக்கு வந்தது. 2016 இல் வந்த மற்றொரு வகையில், முன்னர் ஏறக்குறைய இருபது துண்டுகளை ஒட்டிச் செய்த தூவுவாய் முனையை, உலோகத் தூளை ஒளிக்கதிரால் அடுக்கடுக்காக உருக்கி ஒரே துண்டாக ஆக்குகின்றனர். ஐதான சுடர் அணையும் எல்லைக்கு அருகிலேயே வாழ்வது. சற்றே தடுமாறினால் வெப்பமும் அமுக்கமும் ஒன்றையொன்று தூண்டி, அறை முழுவதும் முழங்கத் தொடங்கும். இதன் காரணத்தை றேலி பிரபு 1878 இலேயே கூறிவிட்டார் என்பது வியப்பே.

நம் துண்டு ஏன் கழிக்கப்பட்டது என்பதை மாத்திரம் கூறி முடிப்போம். தூவுவாய்களைச் சோதிப்போர், கூம்பாக விழும் எண்ணெயைப் பல அறைகளாக வகுத்த ஏந்தியொன்றிற் பிடித்து, ஒவ்வோர் அறையிலும் எவ்வளவு சேர்ந்தது என அளப்பர். எல்லாப் பக்கமும் ஏறத்தாழச் சமமாயிருத்தல் வேண்டும். ஒரு பக்கம் கூடின், அப்பக்கத்துச் சுடர் நீண்டு, சூட்டுக் கோடொன்று டேர்பைன்வரை சென்று அதன் அலகுகளை உருக்கிவிடும். பழைய மாணவர் அன்று விடைபெறுமுன், பிளந்த துண்டின் உள்விளிம்பைச் சுட்டிக் காட்டினார். எண்ணெய்ப் படலம் விளிம்பை விட்டகலும் இடத்திலே, கடுகிற் பாதியும் இராத ஒரு கரித்துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதனாற் படலம் இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கம் மிகவும் மறுபக்கம் குறையவும் தூவிற்றாம். பெற்றோமக்ஸ் விளக்காயின் ஊசியாற் குத்தியிருப்போம். இதனைச் சுரண்டின் விளிம்பிற் கீறல் விழும்; கீறலும் கரியைப் போலவே படலத்தைப் பிரிக்கும் என்றார்.

அக்கரியை நாமும் சுரண்டாமலே வைத்திருக்கின்றோம். காண விரும்புவோர் பாடசாலை நாட்களிற் பிற்பகல் தமிழ் ஆசிரியர் அறைக்கு வரலாம். உருப்பெருக்குக் கண்ணாடி பௌதிக ஆய்வுகூடத்திலே இருக்கின்றது.